ஓவனா, வெயிலா, பரணா? கோடை முடியும்போது தோட்டத்துக் காய்க்கு ஒரு முடிவு

விஷு கழிந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் இருக்காது. ஒரு மூலையில் வெண்டைக்காய்க் கூடை, அதை ஒட்டிப் பாகல், படியில் நாலு அரசாணி, வாசற்கதவை முழுசாகத் திறக்க விடாமல் ஒரு சாம்பல் பூசணி. பின்கட்டில் இருப்பது பதினைந்து சென்ட் இடம்தான். தையிலும் மாசியிலும் போட்ட விதையெல்லாம் பேசி வைத்த மாதிரி சித்திரைக் கடைசியில் காய்த்துத் தள்ளுகிறது.

ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், வேலந்தாவளம் போகிற வழி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ் போர்டை மலையாளத்தில் வாசித்துவிட்டுக் கண்டக்டரிடம் தமிழில் டிக்கெட் கேட்கிற ஊர். அதனால் ஒரே காய்க்கு மூன்று பெயர். நாங்கள் அரசாணி என்பதைப் பக்கத்து வீட்டுச் சேச்சி மத்தன் என்பார். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் போன என் தங்கச்சி இப்போதெல்லாம் பரங்கி என்கிறாள்.

கையில் இருப்பது கொஞ்ச நாள். மலையாளத்தில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் கால் வைக்கும். எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு மழை குறைவுதான் என்றாலும் மூட்டமும் ஈரக்காற்றும் வந்துவிடும். அதற்கு முன்பே மத்தியானத்துக்கு மேல் இடியோடு கோடை மழை ஒன்றிரண்டு கொட்டும். விஷுவிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அதற்குள் இத்தனை காயையும் தின்று தீர்க்க ஐந்து பேர் வீட்டால் முடியாது.

இதில் புதுசாக ஒரு வழக்கு சேர்ந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் தங்கச்சி பெரிய ஓவன் வாங்கிக்கொண்டு, ஓடிஜி என்கிற தன் பழைய 28 லிட்டர் கரண்ட் ஓவனை எனக்குத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டதோடு நிற்காமல் உபதேசமும் செய்தாள்: “மொட்டை மாடியில காக்கா ஓட்டிட்டு உக்காராதே அக்கா, எல்லாத்தையும் ஓவன்ல தள்ளு.” என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, “வெயில் சும்மா கெடக்குது கண்ணு, கரண்டுக்கு எதுக்குக் காசு கொடுக்கோணும்?” என்றார். இப்போது சேச்சி கேட்கிறார், தானும் ஒரு ஓவன் வாங்கலாமா, கொண்டாட்டம் போடுகிற வேலை மிச்சமாகுமா என்று. கொண்டாட்டம் என்றால் விழா இல்லை. வத்தலுக்குப் பாலக்காட்டில் அதுதான் பெயர்.

இரண்டு கோடை இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. அத்தையும் தங்கச்சியும் சொல்வது சரிதான். ஆனால் அத்தை மனசில் இருக்கும் காய் பாகல், தங்கச்சி மனசில் இருக்கும் காய் அரசாணி. எந்த வழி நல்லது என்று பொதுவில் கேட்டால் பதில் வராது. காயைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் தோலைக் கீறிப் பார்க்க வேண்டும். நகம் இறங்கினால் அந்தக் காய்க்கு இந்த வாரமே முடிவெடுக்க வேண்டும். இறங்காவிட்டால் அதை விட்டுவிடலாம், ஓணம் வரை அது பேசாமல் இருக்கும்.

நகம் இறங்காத கூட்டத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். முற்றிய அரசாணி, மேலே சுண்ணாம்பு பூசின மாதிரி சாம்பல் படிந்த பூசணி, விஷுக்கணிக்கு வைக்கிற மஞ்சள் வெள்ளரி, இந்த மூன்றும்தான். இவற்றை வத்தலாக்கவும் வேண்டாம், ஃபிரிட்ஜில் திணிக்கவும் வேண்டாம். சாம்பல் பூசணியில் நூற்றுக்கு 96 பங்கு தண்ணீர். அவ்வளவு தண்ணீரையும் மாசக்கணக்கில் கெடாமல் பிடித்து வைக்கிற பாத்திரம் அந்தத் தோல். நாம் செய்ய வேண்டியது அதைக் காயப்படுத்தாமல் இருப்பது மட்டுமே.

பறிக்கும்போது காம்பை நாலு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அது பிய்ந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். பறித்த அரசாணியை மழை படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் விட்டால் தோல் இன்னும் இறுகும். அப்புறம் பரணில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தால் மூன்று நாலு மாசம் தாங்கும். முதல் வருஷம் நான் சுத்தக்காரி மாதிரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஸ்டோர் ரூம் சிமெண்டுத் தரையில் வரிசையாக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனியில் ஒன்றைத் தூக்கப் போனால் அடிப்பாகம் தரையிலேயே நின்றுவிட்டது, மேல்பாகம் மட்டும் கையில் வந்தது. மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை ஈரம் கட்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. பூசணி மேலிருக்கும் சாம்பலையும் அன்றைக்கு ஈரத்துணியால் பளபளவென்று துடைத்திருந்தேன். அது மெழுகு. காய் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மழைக்கோட்டு.

சேச்சி வீட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு. தென்னோலையைப் பின்னி, வெள்ளரிகளையும், கும்பளங்காய் என்று அவர் சொல்கிற சாம்பல் பூசணிகளையும் அடுக்களை உத்தரத்தில் உறி மாதிரித் தொங்கவிட்டிருப்பார். நாலு பக்கமும் காற்று, தரையில் படாது, எலி எட்டாது. ஓணத்துக்கு ஓலன் வைக்க அங்கிருந்துதான் ஒன்று இறங்கும்.

தட்டப்பயறும் கிட்டத்தட்ட இந்தச் சாதிதான். பிஞ்சாக இருக்கும்போது பறிக்கத் தவறியதைப் பார்த்துப் பதற வேண்டாம். பந்தலிலேயே விட்டால் நெற்றாகிக் கலகலவென்று காய்ந்துவிடும், உரித்து டப்பாவில் போட்டால் முடிந்தது. அரசாணியும் தட்டப்பயறும் சேர்த்து நாங்கள் வைப்பது குழம்பு. அதே இரண்டையும் சேர்த்து, வறுத்த தேங்காயைத் தூவினால் சேச்சிக்கு எரிசேரி. எல்லைக்கு இரண்டு பக்கமும் இந்த ஜோடி நிலைத்ததற்கு ருசி ஒரு காரணம் என்றால், இரண்டுமே பரணில் கிடந்து மழைக்காலத்தைத் தாண்டும் என்பது இன்னொரு காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இனி நகம் இறங்குகிற காய். பாகல், வெண்டை, கத்தரி, மிளகாய், சுண்டை, கொத்தவரை. இங்கேதான் அத்தை ஜெயிக்கிறார்.

பாகற்காய் வத்தலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதன் சாயல்தான். காயை அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்க வேண்டும். அதைவிட மெல்லிசாக நறுக்கினால் பொரிக்கும்போது எண்ணெயில் கருகும், தடித்தால் நடுவில் ஈரம் நிற்கும். விதை முற்றியிருந்தால் தட்டிவிடலாம். உப்பும் மஞ்சள்தூளும் பிசிறி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும். அதை வடித்துவிட்டு, இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் ஆவி காட்டுகிறேன். இந்த ஐந்து நிமிஷத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆவி காட்டிய காய் நிறம் கறுக்காது, சீக்கிரம் காயும். பிறகு வெள்ளை வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு மெல்லிய துணி.

உப்பில்தான் எல்லோரும் ஏமாறுவது. ஒரு கிலோ பாகல் காய்ந்தால் 100 கிராம் பக்கம் நிற்கும். தண்ணீர் போய்விடும், வடித்ததில் போனது போக மீதி உப்பு போகாது. நறுக்கிய காயில் நாக்குக்குச் சரியாக இருக்கிற உப்பு, வத்தலில் கடலாக இருக்கும். நான் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போடுவதில்லை. மாமனாருக்குப் பிரஷர் வந்த பிறகு அதிலும் குறைத்துவிட்டேன். உப்பு குறைந்தால் வெயில் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

வெயில் என்று சொன்னாலும் பாதி வேலை காற்றுடையது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. நாங்கள் அந்த வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறோம். மாடியில் எட்டரை மணிக்குப் பரப்பினால் மத்தியானத்துக்குள் பாகல் வட்டங்களின் ஓரம் சுருண்டு, அடியில் துணியின் நூல் அச்சு பதிந்திருக்கும். மூன்று மணிக்கு எடுத்துவிட வேண்டும், கோடை மழைக்கு மூன்றரைதான் பிடித்த நேரம். இப்படி மூன்று நாலு நாள். ஒன்றை எடுத்து ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில்.

போன வருஷம் ஒரு ஈடு போயிற்று. முதல் நாளே பதினொரு மணிக்கு மூட்டம். போகட்டும் என்று உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். மறுநாளும் மூட்டம். மூன்றாம் நாள் காலையில் வட்டங்கள் விரலில் ஒட்டின, லேசாகப் புளித்த வாடை. அத்தை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எருக்குழிக்குக் கொண்டுபோனார். ஒன்றும் சொல்லாததுதான் வலித்தது. முதல் நாள் வெயில் தவறினால் பின்னால் எத்தனை வெயில் அடித்தும் அதைச் சரி செய்ய முடிவதில்லை. இப்போது இரண்டு நாள் வானம் தெளிந்திருக்கும் என்று தெரிந்தால்தான் கத்தியை எடுக்கிறேன்.

இந்த ஈடு போனபோது தங்கச்சியிடம் புலம்பினேன். அவள் சும்மா இருப்பாளா? “அதுக்குத்தான் ஓவன் கொடுத்தேன்” என்றாள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு கிலோ வெண்டையைத் தயிரும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி ஓவனில் வைத்தேன். வத்தலுக்கு 60 டிகிரிச் சூடு இருந்தால் போதும். என் ஓவனின் குமிழ் 100-க்குக் கீழே இறங்காது. கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஆவி போக இடம் விட்டேன். ஐந்து மணி நேரம். ஓரமெல்லாம் பழுப்பு, நடுவெல்லாம் செருப்புத் தோல். மீட்டரைப் போய்ப் பார்த்தால் நாலு யூனிட் ஓடியிருந்தது. மாடியில் சும்மா கிடைக்கிற வேலைக்கு நாலு யூனிட் கொடுத்து, கிடைத்தது அரைவேக்காட்டு வெண்டை. மோர் மிளகாய் என்றால் ஓவனை நினைத்தே பார்க்க வேண்டாம். பகலில் வெயில், இரவில் திரும்பத் தயிரில் ஊறல், மறுநாள் வெயில் என்று தயிர் முழுக்க ஏறும்வரை போய்வருகிற பண்டம் அது. சூடு ஏறிய பெட்டியில் அந்தப் போக்குவரத்துக்கு வழியில்லை.

ஆக, வத்தலுக்கு மாற்றாக ஓவன் வாங்க நினைக்கிறவர்கள் வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஓவன் எதற்கு ஆகும்? அரசாணிக்கு. அதுவும் பரணில் வைக்க லாயக்கில்லாத அரசாணிக்கு. காம்பு பிய்ந்தது, மண்வெட்டி பட்டது, அணில் கடித்தது என்று ஒவ்வொரு வருஷமும் மூன்று நாலு காய் தேறும். ஐந்து கிலோக் காயை ஒரு தடவை வெட்டினால் வெட்டினதுதான். பொரியல், கூட்டு, எரிசேரி என்று இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் பிள்ளைகள் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் ஓவன்.

தோலோடு பெரிய துண்டங்களாக வெட்டி, லேசாக எண்ணெய் தடவி, 200 டிகிரியில் 40 நிமிஷம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வற்றி, இனிப்பு தூக்கலாகி, வெட்டின முகத்தில் சர்க்கரை லேசாகக் கருகி நிற்கும். ஆவியில் வேகவைத்த அரசாணிக்கு இந்த ருசி வராது. தோலிலிருந்து கரண்டியால் வழித்து மசித்தால் விழுது. சப்பாத்தி மாவில் பிசையலாம், கேக்கில் போடலாம்.

கேக்கில் என் முதல் முயற்சி கேவலம். வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றைப் பார்த்து அளவு பிசகாமல் செய்தேன். மேலே அழகாக வெடித்து எழும்பியிருந்தது, வெட்டினால் நடுவில் களி. காரணம் காய். அந்த ஊர்க் குறிப்பில் சொல்கிற பரங்கி கெட்டிச் சதைக்காரன். நம் நாட்டு அரசாணியில் நூற்றுக்கு 91, 92 பங்கு தண்ணீர். ஓவனில் சுட்ட பிறகும் விழுதில் ஈரம் நிற்கும். இப்போது அதை அடிகனமான வாணலியில் போட்டு, கிண்டும்போது கரண்டி போன தடம் இரண்டு நொடி மூடாமல் நிற்கும்வரை வற்ற வைக்கிறேன். கால் மணி நேரம் பிடிக்கும். பலாப்பழம் வரட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பதம் சொல்லாமலே தெரியும்.

அதன் பிறகு கேக் ஒரு நாளும் காலை வாரவில்லை. கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச்சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை இரண்டு, வற்ற வைத்த விழுது 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காயும் சுக்கும் உங்கள் விருப்பம். 180 டிகிரி, 40 முதல் 45 நிமிஷம். நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் சுத்தமாக வர வேண்டும். தேங்காய் எண்ணெயில் செய்தால் எங்கள் வீட்டுக்குப் பிடிக்கிறது, தங்கச்சி வீட்டில் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் வெயிலுக்கு வெளியில் இரண்டு நாள்தான், மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதே அரசாணியைத் துருவி, வெல்லமும் தேங்காயும் அரிசி மாவும் சேர்த்து, வாழையிலையில் மடித்து இட்லிப் பானையில் இருபது நிமிஷம் வைத்தால் அடை. ஓவன் தேவையில்லை, வற்ற வைக்க வேண்டியதில்லை, ஈரமே அதற்கு உதவி. இரண்டையும் ஒரே நாளில் செய்து பிள்ளைகள் முன் வைத்தேன். பெரியவன் கேக்கை எடுத்தான், சின்னவள் அடையை எடுத்து இலையில் ஒட்டியதையும் வழித்துத் தின்றாள். ஒன்றுக்கொன்று. பள்ளிக்கூட டப்பாவுக்குக் கேக் சௌகரியம், வீட்டில் சுடச்சுடத் தின்ன அடை.

வெண்டை ஓவனில் நன்றாக வரும் என்று தங்கச்சி சொன்னதும் பொய்யில்லை. 220 டிகிரியில் இருபது நிமிஷம், வழவழப்பே இல்லாமல் மொறுமொறுவென்று இருக்கிறது. இரும்பு வாணலியில் உப்பைக் கடைசியில் போட்டு வதக்கினாலும் அந்த வழவழப்பு போகும், பன்னிரண்டு நிமிஷம்தான். விருந்தாளி பத்துப் பேர் வந்தால் ஓவன், மற்ற நாள் வாணலி. கத்தரியைச் சுட்டுப் பிசையவோ அடுப்பு நெருப்புதான், ஓவனில் வெந்த கத்தரிக்குப் புகை வாசம் கிடையாது.

சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கிற நாளில் அடுக்களைக்குள் ஓவன் வைப்பது இன்னொரு சங்கடம். நான் அதைப் பின் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டேன். அதிகாலை ஐந்தரைக்குப் போட்டால் ஏழுக்குள் வேலை முடியும். வராந்தாவில் வைப்பதானால் பிளக்கைப் பாருங்கள். என் ஓவன் 1500 வாட், 6.5 ஆம்பியர் இழுக்கும். சார்ஜர் மாட்டுகிற சின்ன பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. கீசருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பாயிண்ட் இழுத்த செலவை ஓவன் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃப்ரீசரைப் பற்றி நாலு வரி போதும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் அறை ஐஸ் கட்டிக்குச் சரி, மாசக்கணக்கில் காய் வைக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும், அது அங்கே கிடைப்பது சந்தேகம். கோடை இடியில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் நான் அதை நம்புவதில்லை. முருங்கைக்காய் வெந்த சதையை வழித்து ஒரு டப்பா வைப்பேன், அவ்வளவே. முருங்கைக்கீரைக்கு வெயிலும் ஆகாது, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் பச்சை மாறாமல் பொடியாகும்.

ஊறுகாய், உப்பு மாங்காய் எல்லாம் தனிக் கதை. முதலமடை மாந்தோப்புகள் எட்டும் தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஒன்று மட்டும்: காயை ஓவனில் பாதி உலர்த்தி எண்ணெயில் மூழ்க வைத்து அலமாரியில் அடுக்குகிற பழக்கம் இப்போது பரவுகிறது. புளிப்பும் உப்பும் போதாத ஈரக்காய் எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் கிடந்தால் விஷக்கிருமி வளரும், வாடையில் தெரியாது. செய்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது புடலை, பீர்க்கு, சுரை. இவற்றின் தோலில் நகம் மட்டுமா, பார்வை பட்டாலே இறங்கும். பரணுக்கும் ஆகாது, வத்தலுக்கும் ஆகாது, ஓவனில் வைத்தால் தண்ணீராக ஓடும். பறித்த அன்றோ மறுநாளோ சாப்பிட வேண்டியதுதான். புடலையில் மொளகூட்டல் வையுங்கள், பருப்பு வேக வைத்து, தேங்காயும் சீரகமும் வற்றல் மிளகாயும் அரைத்து விட்டால் அரை மணியில் சோறு இறங்கும். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்கு. சேச்சி வீட்டுப் பலா இந்த நேரத்தில்தான் பழுக்கும், எனவே பாத்திரம் வெறுமனே திரும்பி வராது. சுரை, வெள்ளரியை மட்டும் ஒரு துண்டு பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமையுங்கள். கசந்தால் யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும். வேக வைத்தாலும் அந்தக் கசப்பில் உள்ள நஞ்சு போகாது, வாந்தி பேதியில் கொண்டுவிடும். பாகலின் கசப்பு வேறு, இது வேறு.

சேச்சிக்கு நான் சொன்ன பதில் இது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கேக், பிஸ்கட் என்று வருஷம் முழுக்கச் செய்கிற எண்ணம் இருந்தால் வாங்குங்கள், 25 லிட்டருக்குக் குறையாமல். அதற்குக் கீழே போனால் பெரிய தட்டு நுழையாது, அரசாணி ஒரு பாதிகூட ஒரே ஈட்டில் வேகாது. தோட்டத்துக் காய் வீணாகிறதே என்பதற்காக மட்டும் என்றால், அந்தக் காசுக்கு மாடியில் பரப்ப இரண்டு கட்டிலும் கொசுவலையும் வாங்கினால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அவர் யோசித்துவிட்டுக் கட்டில் வாங்கினார். கேக் வேண்டுமென்றால் விழுதைக் கிண்டி எடுத்துக்கொண்டு என் வராந்தாவுக்கு வந்துவிடுகிறார்.

பரணில் ஏற்றியதை வாரம் ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள். எங்காவது மெத்தென்று இருந்தால் அன்றைக்கு அதுதான் குழம்பு. காம்பு சுருங்கி உதிர்ந்தது அடுத்த வரிசை. எல்லாவற்றிலும் நல்லதாக, காம்பு கல் மாதிரி இருக்கிற ஒன்றைக் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதை ஓணத்துக்கு வெட்டி, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தால் தைக்கு ஆகும்.